அம்மா பங்கில் குடிவந்தவர்கள்

அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்ததால் ஒரு ஊர் செழித்தது என்று சொன்னால் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் மலைச்சரிவில் இருக்கிற தேனங்கொம்பையில் அப்படித்தான் நடந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்லவும் சொல்வார்கள், முதலில் கொஞ்சம் தயங்குவார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் பெயர் ஆறுக்குட்டி, தம்பி பெயர் வெள்ளிங்கிரி. அவர்களுடைய அப்பா சாகும்போது பூமியை மூன்றாகப் பிரித்து, கிழக்கே பெரியவனுக்கு, மேற்கே சின்னவனுக்கு, நடுவில் ஒரு துண்டு அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அம்மா இருந்தவரை அந்த நடுத்துண்டில் அவரைக்கொடி போட்டாள், கீரை போட்டாள், அதன் வழியாகவே இரண்டு மகன்கள் வீட்டுக்கும் போய்வந்தாள். அவள் இறந்த அன்று வெள்ளிங்கிரி பூண்டு மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டியில் இருந்தார். செய்தி கேட்டு ஓடிவந்தால் மலைப்பாதையில் மரம் விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. மரத்தை அறுத்து உருட்டிவிட்டு அவர் ஊர் வந்து சேர்ந்தபோது அம்மா சாம்பலாக இருந்தாள். அண்ணன் காத்திருக்கவில்லை. பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாதவனை எந்தச் சாமி மன்னித்தாலும் தான் மன்னிப்பதில்லை என்று வெள்ளிங்கிரி சொன்னார். சொன்னதைக் காப்பாற்றுகிற மனுஷன் அவர். நல்லதை மறந்தாலும் மறப்பார், கெட்டதை மறக்கமாட்டார்.

பேச்சு முற்றி, அம்மாவின் பங்கை யார் ஆளுவது என்று கைகலப்பு வரை போய், கடைசியில் இரண்டு பேரும் மாரியாத்தா கோயில் வாசலில் சூடம் அணைத்து, அந்தத் துண்டில் நீயும் கால் வைக்கக் கூடாது நானும் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மண்ணில் ஏர் படவில்லை, ஆடு மேயவில்லை, பந்தெடுக்கப் பிள்ளைகள்கூட இறங்கவில்லை. இறங்கினால் இந்தப் பக்கமிருந்து ஒரு வாயும் அந்தப் பக்கமிருந்து ஒரு வாயும் திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊருக்கு மேலே, ஒரு காலத்தில் அயர்லாந்துக்காரத் துரை ஒருவர் வைத்திருந்த தேயிலைத் தோட்டத்தில், வட்டமாக மண்கரை எழுப்பி அதன் நடுவே அவர் நட்ட முள்மரம் ஒன்று நின்றது. தன் ஊர் மண்ணோடு பீப்பாயில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்த மரம். அந்த மண்ணோடு, மரத்தடியில் குடியிருந்த குட்டி மனுஷர்களும் வந்துவிட்டார்கள். முழங்கால் உயரம் இருப்பார்கள். துரை தன் சமையல்காரரிடம் சொல்லிவைத்து, சமையல்காரர் தன் பிள்ளைகளிடம் சொல்லி, ஊருக்கே தெரிந்த விஷயம்தான் அது. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, நல்லவர்கள் என்றுதான் சொல்லவேண்டும், நாம் இருட்டிய பிறகு பாம்பைப் பூச்சி என்று சொல்வதில்லையா, அதுபோல. துரை செத்தார், தோட்டம் கை மாறிக் கை மாறி விடுதி கட்டுகிறவர்களிடம் வந்தது, அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பொக்லைன் வைத்து முள்மரத்தை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள்.

அன்று மத்தியானம் நல்லவர்கள் மூட்டை முடிச்சோடு கீழே இறங்கி வந்தார்கள். பாய்களைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, சட்டி பானைகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டுக்குட்டி உயரத்தில் காது மட்டும் சிவந்த வெள்ளை மாடுகளை ஓட்டிக்கொண்டு, நடக்க முடியாத கிழவிகளை முயல்களின்மேல் உட்காரவைத்துக்கொண்டு, சாலையைக் கடந்தார்கள். யானைக்கு நிறுத்துவதுபோல டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அவர்கள் மாரியாத்தா கோயில் தோப்பைப் பார்த்தார்கள், பள்ளிக்கூட மைதானத்தைப் பார்த்தார்கள், ஆற்றோரப் புறம்போக்கைப் பார்த்தார்கள், ஒவ்வொரு இடத்திலும் குனிந்து மண்ணைப் பார்த்துவிட்டு, ஆள் மிதித்த தடம் இருக்கிறது என்று கண்டு நகர்ந்தார்கள். கடைசியில் அம்மாவின் பங்குக்கு வந்து, குனிந்து பார்த்து, மூட்டையை இறக்கினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அங்கே ஒரு முள்மரம் நின்று வெள்ளையாகப் பூத்திருந்தது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதுக் குடித்தனம் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் வாரம் எட்டி எட்டிப் பார்த்தார்கள், இரண்டாவது வாரம் குறை சொன்னார்கள், மூன்றாவது வாரம் பழகிப்போனது. மாடு கறப்பவர்கள் முதல் பீச்சுப் பாலை அவர்களுக்கென்று மண்ணில் விட்டார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை, அவர்கள்மேல் பட்டுவிடக் கூடாதென்று, கொட்டுமுன் வெறும் வாசலைப் பார்த்து "ஊத்தறேனுங்க" என்று சொல்லிவிட்டு ஊற்றினார்கள், வாத்தியார் வீட்டிலும் அப்படித்தான். வனத்துறை ஆள் ஒருவர் வந்து, வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்து, இது தன் இலாகாவில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். தேர் போகும் வழியைத் திருப்பலாமா என்று பூசாரியிடம் கேட்டதற்கு, ஆத்தாளும் ஒரு காலத்தில் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தவள்தானே, கோவிக்கமாட்டாள் என்று அவர் சொல்லிவிட்டார். முள்மரத்தின் கிளையை வெளியிலிருந்தே வளைத்து ஆட்டுக்கு ஒடித்துப் போட்ட ஒருவனுக்கு மட்டும் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, ஆட்டுக்கும் அப்படியே. அவனைப் பார்த்து மற்றவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள்.

பிறகு நன்மைகள் தெரிய ஆரம்பித்தன. பூண்டு அழுகவில்லை. காட்டுப்பன்றி எல்லைக்குள் வரவில்லை. குழந்தைகளுக்கு வருகிற சளிக்காய்ச்சல் ஒரு ராத்திரியோடு இறங்கியது. காணாமல் போன மாடுகள் தாமாக வந்து கட்டுத்தறியில் நின்றன. அப்போதுதான் ஊருக்கு ஒரு விஷயம் உறைத்தது. நல்லவர்கள் இருப்பது ஆள் கால் படாத இடத்தில். அந்த இடத்தில் கால் படாமல் காப்பது முள்வேலி இல்லை, அண்ணன் தம்பி பகை.

அதுவரை வருஷா வருஷம் பொங்கலுக்கு யாராவது ஒரு பெரிய மனுஷர் இருவரையும் சேர்த்துவைக்கப் பார்ப்பது வழக்கம். அது நின்றுபோனது. வெள்ளிங்கிரிக்கு மரியாதை கூடியது. டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். கோயிலில் முதல் மரியாதையை ஒரு வருஷம் அண்ணனுக்கும் ஒரு வருஷம் தம்பிக்கும் கொடுத்தார்கள், இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளாதபடி. வாழ்நாள் முழுக்க 'வம்புக்காரன்' என்று பேர் வாங்கிய மனுஷனுக்கு இது இனித்தது, இனிக்காமல் என்ன செய்யும். பஞ்சாயத்துத் தலைவர் நஞ்சப்பன் வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து, உங்கண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டால் மனசு கஷ்டப்படுவீர்கள், வேண்டாம் என்பார். கேட்காமல் இருக்க வெள்ளிங்கிரியால் முடியாது. கேட்டதும் சொல்வார். அந்த வாரம் முழுக்க வெள்ளிங்கிரி அதைக் கடவாயில் வைத்து மென்றுகொண்டிருப்பார்.

ஆனால் கோபத்துக்கும் வயசாகும். ஒரு நாள் நஞ்சப்பன் பேசிக்கொண்டே இருக்கையில் அவர் கண் அடிக்கடி முள்மரத்துப் பக்கம் போய் வருவதை வெள்ளிங்கிரி பார்த்தார், கறப்பதற்கு முன்னால் மடியைத் தொட்டுப் பார்க்கிறவன் பார்ப்பதுபோல இருந்தது அது. அன்றிலிருந்து அவருடைய பகை அவருக்கே வேற்றாளாகத் தெரிந்தது. காலையில் எழுந்ததும் அம்மாவின் பங்குக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் இருமுகிற சத்தம் கேட்கும். இத்தனை வருஷமும் அந்த இருமலைக் கேட்டுத்தான் அவர் பல் விளக்கப் போவார், "இன்னும் இருக்கறான்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு.

மாசி மாதத்தில் அந்த இருமல் நின்றது.

டீக்கடையில் கேட்டார். ஆறுக்குட்டி அன்னூர்ப் பக்கம் விசேஷத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பூசாரியிடம் கேட்டார், அவரும் அன்னூர் என்றார், ஆனால் கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிப் படுத்தார். அவர் மனைவி பொன்னாத்தாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு பால் சொசைட்டில எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் ஆத்தாகிட்ட மாப்புக் கேட்டுக்கறேன். உங்கண்ணன் படுத்துட்டாருங்க. எந்திரிக்க மாட்டாராம். தம்பியக் கூப்பிடுங்க, தம்பியக் கூப்பிடுங்கன்னு சொல்லீட்டே இருக்காராம். ஆருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

அண்ணனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை குட்டி கிடையாது. வெள்ளிங்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாலை வழியாகக் கிளம்பினார். சாலை ஊரைச் சுற்றித்தான் அண்ணன் வீட்டுக்குப் போகும். தண்ணீர்த் தொட்டி வளைவில் ஊரே உட்கார்ந்திருந்தது, பந்திக்குக் காத்திருப்பதுபோல. நஞ்சப்பன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார்.

"எங்கீங்கண்ணா கெளம்பீட்டீங்க?"

"எங்கண்ணனப் பாக்க."

"இத்தன வருசம் பாக்காததயா இப்பப் பாக்கப் போறீங்க?"

"சாகப் போறான்ல. வழிய விடு."

நஞ்சப்பன் வழியை மறிக்கவில்லை. கெஞ்சினார். அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்தால் சத்தியம் போகும், சத்தியம் போனால் அந்தத் துண்டு வெறும் துண்டாகும், நாளைக்கே யாராவது அதில் உருளைக்கிழங்கு போடுவார்கள், நல்லவர்கள் மூட்டையைக் கட்டுவார்கள், அதற்குப் பிறகு இந்தக் குழந்தைகளின் காய்ச்சலை யார் இறக்குவார்கள் என்று ஒவ்வொரு குழந்தையாகக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க கோவம் இப்ப உங்க சொத்தில்லீங்கண்ணா. அது ஊர்ச் சொத்து."

தள்ளினால் வெள்ளிங்கிரி திருப்பித் தள்ளியிருப்பார், திட்டினால் நாலு மடங்கு திட்டியிருப்பார், அதில் அவருக்குப் பழக்கம் உண்டு. கெஞ்சுகிறவர்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் காலில் விழுந்தார்கள். இரண்டு பேர் பக்குவமாகக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டு, பொன்னாத்தாளிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெயில் உச்சியில் நிற்கையில், ஊர் சாலையைக் காவல் காத்துக்கொண்டிருக்க, வெள்ளிங்கிரி கொல்லைப்புறம் போய், செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, அம்மாவின் பங்கில் கால் வைத்தார்.

இடி விழவில்லை. காலுக்கு அடியில் புல் மெத்தென்று இருந்தது. முள்மரத்தின் கீழே சின்னச் சின்னக் கூரைகள், சாணம் மெழுகிய வாசல்கள், கல்லில் துணி துவைக்கிற ஒரு கிழவி. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னாள். துரை குடித்துவிட்டுப் பாடுகிற பாஷை அது என்று சமையல்காரர் பிள்ளைகள் சொல்வார்கள், அவருக்குப் புரியவில்லை, ஆனால் அதில் வசவு இல்லை என்று மட்டும் தெரிந்தது. அவள் துவைத்த துணியைப் பிழிந்தாள். காய வைக்கவில்லை. ஈரத்தோடு மடித்து மூட்டையில் வைத்தாள். அவர் கடந்து போகப் போக, இரண்டு பக்கமும் பாய்கள் சுருட்டப்படுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது. போகவில்லை.

ஆறுக்குட்டி கட்டிலில் கிழிந்த கம்பளிபோலக் கிடந்தார்.

"எவன்டா அது?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"வெள்ளிங்கிரி."

அண்ணன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "ரோட்டுல விட்டாங்களா?"

"இல்ல. குறுக்கால வந்தேன்."

"மிதிச்சுட்டயா?"

"மிதிச்சுட்டேன்."

"கூறுகெட்டவனே," என்றார் ஆறுக்குட்டி, ஆனால் கையை நீட்டினார். வெள்ளிங்கிரி அதைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் செத்தா சரவெடி வெடிப்பேன்னு சொன்னயாமே?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் என்னய ஆத்தாளுக்குப் பொறக்காதவன்னு சொன்னயாம்."

"அட ஆண்டவா," என்று ஆறுக்குட்டி சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நஞ்சப்பன்" என்றார்கள்.

வெள்ளிங்கிரி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அன்னைக்கு ஏண்ணா காத்திருக்கல?"

இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்கு அவர் தானே பதில் செய்து வைத்திருந்தார், ஒன்றா இரண்டா. அண்ணனுக்குப் பொறாமை, அண்ணி சொல்லிக்கொடுத்தாள், அம்மாவின் காதில் இருந்த தோட்டுக்காக, இளையவன் அழுதால் ஊர் அவன் பக்கம் சாயும் என்ற பயம். ஆறுக்குட்டி யோசித்தார். உண்மையிலேயே நினைவில் தேடுகிற முகம் அது.

"மழை எறங்கற மாதிரி இருந்துச்சு. வெறகு நனைஞ்சுருமேன்னு பாத்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? அவ்வளவுதான்டா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பெரிய காரணமாக இருந்திருந்தால் வெள்ளிங்கிரி எழுந்து போயிருப்பார். ஈர விறகுக்காக ஒரு ஆயுசுக்காலம் கோபித்துக்கொண்டிருந்தவன் எழுந்து எங்கே போவது. அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்தார்.

அன்று சாயங்காலம் நல்லவர்கள் வெளியே வந்து பஸ் ஸ்டாப் பக்கத்தில் சாலை ஓரமாக மூட்டைகளோடு நின்றார்கள். முள்மரத்தின் பூ மொத்தமும் ஒரே தடவையில் உதிர்ந்தது. ஊருக்குள் யாரும் வெள்ளிங்கிரியைத் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. இன்னொரு பகை வேண்டும், உடனே வேண்டும். நஞ்சப்பன் சாக்கடை விஷயமாகத் தன் மைத்துனனைக் கூப்பிட்டு எல்லோரும் கேட்கும்படி சண்டை போட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து விட்டு, இனி இதில் எவனும் கால் வைக்கக் கூடாது என்று சூடம் அணைத்தார். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. கடையில் முள்கம்பி தீர்ந்துபோனது. பங்காளிகள், சம்பந்திகள், ஒரே தட்டில் தின்ற கூட்டாளிகள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு மண்ணை வேலி போட்டு விட்டுவைத்துவிட்டு, சாலை ஓரத்தில் நிற்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லவர்கள் ஒவ்வொரு வேலியாகப் போய்க் குனிந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் காலடி இருந்தது. நடிப்புக்குப் போட்ட சண்டையில், விடிகாலையில் யாரும் பார்க்காதபோது உப்பு கடன் வாங்க ஒருவர் தாண்டிப் போயிருப்பார், கோழியைப் பிடிக்க ஒருவர் இறங்கியிருப்பார். அவர்கள் திரும்பி வந்து மறுபடி சாலை ஓரத்தில் நின்றார்கள். ஆனால் நடிப்புக்குச் சொன்ன வார்த்தையும் வார்த்தைதானே, காதில் விழுந்தது மனசில் இறங்காமல் போகுமா. நாள் ஆக ஆக நடிப்பு எது நிஜம் எது என்று சண்டை போட்டவர்களுக்கே தெரியாமல் போனது.

அந்த நாட்களில் ஆறுக்குட்டி தம்பி ஊட்டிய கஞ்சியைக் குடித்தார், உப்பு பத்தவில்லை என்று குறை சொன்னார், ஒரு நாள் பொழுது விடிகிறபோது போய்ச் சேர்ந்தார்.

பொன்னாத்தாள் மூங்கில் வெட்டிப் பாடையைக் கட்டினாள். வெள்ளிங்கிரி தோள் கொடுக்க ஆள் கூப்பிட ஊருக்குள் போனார். முதல் வீட்டுக்காரன் கண் கலங்கி, ஆறுக்குட்டியண்ணனுக்கு நான் வராமலா என்றான், வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டான், பேரைச் சொன்னதும், அவன் தோள் கொடுத்தால் தான் கொடுப்பதில்லை என்று உள்ளே போனான். இரண்டாவது வீட்டிலும் அதே பேச்சு, பேர்தான் வேறு. ஊர் முழுக்க நடந்தார். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள், எவனும் இன்னொருவனோடு வருவதாகச் சொல்லவில்லை. நஞ்சப்பன் வீட்டுத் திண்ணைக்குக்கூட வராமல் ஜன்னல் வழியாகவே, மைத்துனன் வராவிட்டால் வருகிறேன் என்றார். ஒரே பாடையைச் சேர்ந்து பிடிக்க நாலு பேர் தேனங்கொம்பையில் இல்லை.

அவர் திரும்பி வந்து பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. வெகுகாலமாகப் பழக்கமான அந்தப் பகை நெஞ்சுக்குள் ஏறி வந்து தன் பழைய இடத்தில் உட்காருவதை உணர்ந்தார். இந்தத் தடவை அதற்கு ஒரு முகம் இல்லை, ஊர் அத்தனை முகமும் இருந்தது.

அப்போது சாலை ஓரத்தில் நின்றவர்கள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பாடைக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நுழைந்தார்கள். ஆறுக்குட்டி முழங்கால் உயரத்துக்கு எழுந்து, நெருப்புச்சட்டியோடு நடக்கிற தம்பிக்குப் பின்னால், முள்கம்பி வேலிகளுக்கு நடுவே, ஊர்ச் சாலை வழியாக ஆடாமல் அசையாமல் சுடுகாட்டுக்குப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஊர் கும்பிட்டது. பலபேர் நிஜமாகவே அழுதார்கள்.

எரித்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் மூட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்கள். துக்கம் கேட்க அன்றும் யாரும் வரவில்லை, மறுநாளும் யாரும் வரவில்லை. அண்ணன் பூமி, தம்பி பூமி, நடுவில் அம்மாவின் பங்கு என்று மூன்றையும் நல்லவர்கள் சுற்றி வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், வெள்ளிங்கிரி தடத்தையும் பொன்னாத்தாள் தடத்தையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் பாயை விரித்தார்கள். வந்த வாரத்தில் வாசலுக்கு நேராக முள்மரம் பூத்தது. ஊரில் பூண்டு மறுபடி கெட்டிப்பட்டது. குழந்தைகளின் காய்ச்சல் இறங்கியது. வேலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள், ஒருவருக்கொருவர் உப்பு கொடுத்துக்கொண்டார்கள், நாம் செய்தது தப்பு என்று கோயிலில் கூடிப் பேசினார்கள்.

பொன்னாத்தாள்தான் அவரைக் கரைத்தாள். நாளெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஊரைப் பகைத்துக்கொண்டு எத்தனை நாள் கிடக்க முடியும், எனக்கு நாலு பெண்களோடு பேசவேண்டும் என்றாள். அண்ணனிடம் போவதற்கு ஒரு ஆயுசு எடுத்துக்கொண்ட மனுஷன், இந்தத் தடவை சீக்கிரமே தலையை ஆட்டினார். ஊர் மன்னிப்புக் கேட்க வருகிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி வந்தபோது, அவர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, பெரிய பாத்திரத்தில் காப்பி வைக்கச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

தேங்காய் பழத் தட்டோடு நஞ்சப்பன் முன்னால் வந்தார், அவர் பின்னால் ஊர் வந்தது. தூரத்திலேயே வெள்ளிங்கிரியின் முகம் அவர்களுக்குத் தெரிந்தது. அதில் கோபம் இல்லை. கையைத் தூக்கி, வாங்க, வாங்க என்று கூப்பிட்டார். நஞ்சப்பனின் நடை மெதுவானது. அவர் பார்வை வெள்ளிங்கிரியின் முகத்திலிருந்து முள்மரத்துக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்தது. பின்னால் வந்தவர்களும் அதையே பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க வந்தவர்கள், கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, பாதி வழியில் கொஞ்ச நேரம் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தட்டோடு வந்த வழியே திரும்பிப் போனார்கள்.